தம்பிக்கு, காடைக் குஞ்சுகளைப் பற்றி

நாமக்கல்,
மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது.

முந்தாநாள் போனில் நீ பாதி, உன் பாப்பா பாதி பேச, நடுவில் குஞ்சுகளும் கத்த, எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: சந்தையில் ஆறு காடைக் குஞ்சு வாங்கியிருக்கிறாய், அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து வைத்திருக்கிறாய், அரிசி நொய் போடுகிறாய். "கோழிக்குஞ்சு மாதிரிதானேக்கா, அதுபாட்டுக்கு வளர்ந்துடும்" என்றாய். அதுபாட்டுக்கு வளராது. போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்பாய், வைத்ததும் மறந்துபோவாய். அதனால்தான் எழுதுகிறேன். பாப்பா இப்போது நன்றாகப் படிக்கிறாளாமே, கடிதத்தை அவள் கையிலும் கொடு.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள். காடை சின்னக் கோழி இல்லை, கிளியும் இல்லை. தரையில் புல்லுக்குள் ஒளிந்து பிழைக்கிற பறவை. பருந்து, பாம்பு, கீரி, பூனை, மனிதன் என்று எல்லோருக்கும் அது இரை. அதன் நிறம், நடை, தூங்கும் விதம் எல்லாமே யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்காக அமைந்தவை. அதனால் காடை வளர்ப்பில் பாதி வேலை அதன் பயத்தைக் கவனிப்பது. மீதிப் பாதிதான் சூடு, தீவனம், சுத்தம். ஆனால் உன் குஞ்சுகள் இருக்கிற வயதுக்கு அவசரம் சூடுதான், அதிலிருந்து தொடங்குகிறேன்.

முதுகில் கறுப்புக் கோடு, இறக்கையில் மட்டும் குருத்திறகு என்று பாப்பா சொன்னாள். அப்படியானால் பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. முட்டையிலிருந்து வரும்போது காடைக் குஞ்சின் எடை ஏழெட்டு கிராம்தான். அந்த உடம்பால் தன் சூட்டைத் தானே பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. முதல் வாரம் குஞ்சு நிற்கிற மட்டத்தில் 35 முதல் 37 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். உடம்பு முழுக்க இறகு மூடிய பிறகு, நம் ஊர் வெயிலுக்கு, தனிச் சூடு தேவைப்படாது. ஆனால் மார்ச் மாதத்திலும் விடியற்காலை குளிரும். பகலில் மதுரை வேகிறதே என்று இரவில் பல்பை அணைத்துவிடாதே.

பல்பு என்றதும் வீட்டிலிருக்கிற எல்.இ.டி. பல்பை மாட்டிவிடுவாய். அது வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்பு, 40 அல்லது 60 வாட், வாங்கிக்கொள். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் தொங்கவிடு. நடுவில் வேண்டாம். சூடு அதிகமானால் விலகி ஓட குஞ்சுக்கு இடம் வேண்டும். பல்பு அட்டையிலோ துணியிலோ படக் கூடாது, தீப்பிடிக்கும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குஞ்சுகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பல்பின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் சூடு போதவில்லை. ஓரங்களில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பெட்டி முழுக்கப் பரவி, தின்பதும் படுப்பதுமாக இருந்தால் சரியாக இருக்கிறது. கரண்டு போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வை.

செய்தித்தாளை இன்றே எடுத்துவிடு. வழுவழுப்பான தாளில் குஞ்சின் கால் இரண்டு பக்கமும் விலகிப் போகும். சில நாள் அப்படியே நடந்தால் கால் நிமிராமலே ஊனமாகிவிடும். கோணித் துணியோ, நூல் பிரியாத பழைய டர்க்கி டவலோ விரி. உமி, மரத்தூள் எல்லாம் முதல் வாரத்தில் வேண்டாம். எது தீவனம், எது தரை என்று அதற்கு இன்னும் தெரியாது. மரத்தூளைத் தின்று வயிறு அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது தண்ணீர். காடைக் குஞ்சு தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அரை அங்குல ஆழமே அதற்குக் கிணறுதான். ஜாடி மூடி போன்ற தட்டையான தட்டில் கூழாங்கல்லோ பாப்பாவின் கோலிக்குண்டோ நிரப்பி, இடுக்கில் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்று. அலகு நனையும், உடம்பு நனையாது. நனைந்த குஞ்சு குளிரில் விறைத்துப்போகும். இரண்டு வாரம் ஆன பிறகு கோலியை எடுத்துவிடலாம்.

நொய் போடுவதை நிறுத்து. நொய்யில் மாவுச்சத்துதான் இருக்கிறது. ஐந்தாறு வாரத்தில் பெரிய பறவையாகிவிடுகிற உயிருக்கு அது எப்படிப் போதும்? முதல் மூன்று வாரம் தீவனத்தில் 24 முதல் 27 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். முட்டையிடும் வயதில் 20 சதவீத அளவு போதும். காடைத் தீவனம் என்றே கேட்டு வாங்கு. கிடைக்காவிட்டால் கறிக்கோழிக் குஞ்சுக்குக் கொடுக்கிற பிரீ ஸ்டார்ட்டர் தீவனம் வாங்கி, மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி ரவைபோல் உடைத்துப் போடு. காடைக் குஞ்சின் அலகுக்குக் கோழித் தீவனமே பெரிய உருண்டை. கூடவே அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துக் கொஞ்சம் வைக்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், கெட்டுவிடும். பெரியதானதும் ஒரு காடை நாளுக்கு 25 முதல் 30 கிராம் தின்னும். ஆகவே மூட்டையாக வாங்கிச் சேர்க்காதே. ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த தீவனத்தைப்போல் பறவையைச் சத்தமில்லாமல் கொல்வது வேறொன்று இல்லை. கட்டி தட்டியிருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடு.

கீரையும் பூச்சியும் அதற்குப் பலகாரம். முருங்கைக் கீரை, கொத்தமல்லித் தழை பொடியாக நறுக்கிப் போடு. ஊருக்கு வந்தால் மாமா கரையான் பிடித்துத் தருவார். கவிழ்த்த பானைக்குள் சாணியும் ஓலையும் ஈரமாக வைத்து ஓரிரவு விட்டால் போதும். நம் அப்பத்தா கோழிக்குஞ்சுக்குச் செய்தது நினைவிருக்கிறதா? காடை அதற்கு ஓடி வருவதைப் பாப்பா பார்க்க வேண்டும். வீட்டுச் சாப்பாட்டில் மிஞ்சிய உப்பும் எண்ணெயும் கலந்ததை மட்டும் வைக்காதே.

இனி கூண்டு. குஞ்சுகளுக்கு மூன்று வாரம் ஆவதற்குள் இது தயாராக வேண்டும். பயம் என்று சொன்னேனே, அது இங்கேதான் முக்கியம். பயந்த காடை ஓடாது, நேர் மேலே குதிக்கும். குக்கர் விசில் அடித்தால், நள்ளிரவில் திடீரென்று விளக்குப் போட்டால், மேலே காக்கை நிழல் ஓடினால், அம்புபோல் செங்குத்தாக எழும்பித் தலையைக் கூரையில் மோதிக்கொள்ளும். மண்டை கிழிந்து, கழுத்து முறிந்து செத்த காடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கூண்டின் உயரம் ஒரு அடிக்குள் இருக்கட்டும். வேகம் எடுக்க அதற்கு இடமே இருக்காது. இல்லாவிட்டால் ஆள் நிற்கிற உயரத்துக்குப் பெரிய அடைப்பாகக் கட்டு. இரண்டு மூன்று அடி உயரக் கூண்டுதான் மிக மோசமானது. கடையில் கிளிக்கென்று விற்பது அதுதான். எந்த உயரமானாலும் கூரைக்குக் கீழே இரண்டு அங்குலம் விட்டு மெல்லிய வலையோ பழைய வேட்டித் துணியோ இழுத்துக் கட்டு. மோதினாலும் அடிபடாது.

ஆறு காடைக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம் வைத்தால் தாராளம். பண்ணைகளில் இதில் பல மடங்கு அடைப்பார்கள். அவர்களுக்கு முட்டைக் கணக்கு, உனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். உட்கார்வதற்குக் குச்சி எதுவும் கட்டாதே, காடை கிளையில் உட்காராது. கம்பித் தரையும் வேண்டாம், பாதம் புண்ணாகும். பலகைத் தரையில் உமியோ தென்னை நார்க்கழிவோ இரண்டு அங்குலத்துக்குப் பரப்பு. நான்கு பக்கமும் திறந்து விடாமல் பாதியைப் பலகையால் மூடு. உள்ளே உடைந்த மண்பானை ஒன்றைக் கவிழ்த்து வை, கொத்துப் புல் ஒன்று போடு. ஒளிய இடமிருந்தால்தான் அது வெளியே வந்து திரியும். இது முரணாகத் தோன்றும், ஆனால் ஒளிய இடமில்லாத கூண்டில் காடை நாளெல்லாம் மூலையில்தான் ஒடுங்கிக் கிடக்கும்.

கம்பி வலை அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷாக இருக்கட்டும். கோழிக்குப் போடுகிற அறுகோண வலையில் எலி நுழைந்துவிடும், பூனை கையை விட்டு இழுத்துவிடும். மாடி வீடு என்று நம்பி இருக்காதே, எலிக்கு மாடி பெரிய தூரமில்லை.

அகலமான தட்டில் காய்ந்த மணல் வைத்து விடு. காடை தண்ணீரில் குளிப்பதில்லை, மணலில்தான் குளிக்கும். சாய்ந்து படுத்து, காலால் மணலை வாரி இறகுக்குள் தூற்றி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரளும். இறகில் எண்ணெய்ப் பிசுக்கும் பேனும் போக அதுதான் வழி. உண்மையில் காடை சந்தோஷமாக இருக்கிறதா என்று கேட்டால் நான் மணல் தட்டைத்தான் பார்ப்பேன். பயந்த பறவை குளிக்காது.

உன் மாடியில் மேற்கே பார்த்த தகரக் கூரை இருக்கிறதே, அதன் கீழே கூண்டை வைத்துவிடாதே. 35 டிகிரிக்கு மேல் போனால் காடை இறக்கையை விரித்து வாய் திறந்து இளைக்கும். அக்னி நட்சத்திரத்தில் அங்கே ஒரு மத்தியானம் தாங்காது. கிழக்குப் பக்கம், காலை வெயில் கொஞ்சம் விழுந்து, பிறகு நிழலாகிற இடம் பார். மத்தியானத்தில் பக்கவாட்டில் ஈரக் கோணி தொங்கவிடு, தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்று.

இப்போது உனக்குப் பிடிக்காத ஒரு விஷயம். ஆறில் எத்தனை ஆண் என்று தெரியாது. மூன்று வாரம் ஆனால் நெஞ்சு இறகைப் பார்த்துச் சொல்லலாம். ஆணுக்குக் கறையில்லாத செம்பழுப்பு, பெட்டைக்குச் சாம்பல் வெளுப்பில் கறுப்புப் புள்ளிகள். வெள்ளை, மஞ்சள் நிறக் காடைகளில் இப்படித் தெரியாது. ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெட்டை என்பது சரியான கணக்கு. இரண்டு ஆண்களைப் பெட்டைகளோடு சேர்த்து விட்டால் ஒன்று மற்றொன்றின் மண்டையைக் கொத்திக் கிழிக்கும். கலித்தொகையிலேயே குறும்பூழ்ப் போர், அதாவது காடைச் சண்டை, வருகிறது, மோத விட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். அந்தக் குணம் எங்கும் போய்விடவில்லை. பெட்டை குறைவாக இருந்தாலும் துன்பம்தான், ஆண் விடாமல் மிதித்து முதுகு இறகெல்லாம் போய்விடும். அதிகமான ஆண்களை இப்போதே தனிக் கூண்டுக்கோ வேறு வீட்டுக்கோ ஏற்பாடு செய்து வை. ஒரு எச்சரிக்கை, ஆண் காடை விடியற்காலையில் மூன்று அடுக்காக உரக்கக் கத்தும். வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. ஜப்பானில் ஒரு காலத்தில் அந்தக் குரலுக்காகவே இதை வளர்த்தார்கள் என்று சொல்லிப் பார், சமாதானமாவாரோ என்னவோ!

நீ வாங்கியவை ஜப்பானியக் காடைகள்தான். 1974-இல் உத்தரப் பிரதேசத்து இசத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து நாடெங்கும் பரவிய இனம். பிறகு சென்னையில் நந்தனம் காடை, எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாமக்கல் காடை என்று நம் ஊருக்கேற்ற வகைகளையும் உருவாக்கினார்கள். இது பண்ணைப் பறவை என்பதால் வளர்ப்பதில் தப்பில்லை. ஆனால் கண்ணி வைத்துப் பிடித்த காட்டுக் காடை, கவுதாரி என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கிவிடாதே. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கூண்டில் அது வாழவும் வாழாது. பாப்பாவுக்கு ஒரு செய்தி: 1990-இல் மிர் விண்வெளி நிலையத்தில் முட்டை பொரித்துப் பிறந்ததும் இந்த ஜப்பானியக் காடைக் குஞ்சுதான். எடையில்லாத இடத்தில் நிற்கத் தெரியாமல் அது மிதந்தது. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ளட்டும்.

ஏழெட்டு வாரத்தில் பெட்டைகள் முட்டையிடத் தொடங்கும். ஒவ்வொன்றும் பத்து கிராம் சொச்சம். கோழிபோல் காலையில் தேடாதே, காடை பெரும்பாலும் மாலையில்தான் இடும், அதுவும் நின்ற இடத்திலேயே. ஒவ்வொரு பெட்டையின் முட்டையிலும் புள்ளிகள் ஒரே பாணியில் இருக்கும். பாப்பா கொஞ்ச நாளில் எது யாருடையது என்று சொல்லிவிடுவாள். அந்த வயதில் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வை. இல்லாவிட்டால் தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்து ஓடு கட்டும். ஓடு மெலிந்து, முட்டை உள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. பெட்டை உப்பிக்கொண்டு, வால் ஆட்டி முக்கிக்கொண்டிருந்தால் உடனே டாக்டரிடம் கொண்டுபோ.

பண்ணைகளில் முட்டைக்காக 16 மணி நேரம் விளக்கு எரிப்பார்கள். நீ அதைச் செய்யாதே. நம் ஊரில் வருடம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த வெளிச்சத்தில் இடுவது போதும். முட்டை குறைந்தால் பெட்டைக்கு ஓய்வு என்று நினைத்துக்கொள். குஞ்சு பொரிக்கலாமா என்று பாப்பா கட்டாயம் கேட்பாள். வளர்ப்புக் காடை அடைகாப்பதை ஏறக்குறைய மறந்தேவிட்டது. இன்குபேட்டரில் 17, 18 நாளில் பொரியும். ஆனால் பிறப்பதில் பாதி ஆணாக இருக்கும். அவற்றை எங்கே விடுவாய்? இடம் இல்லாமல் பொரிக்காதே.

நோய்க்கு ஒரே வைத்தியம் தினமும் பார்ப்பது. இரையாகிற பறவை தன் நோவை மறைக்கும். இறகை உப்பிக்கொண்டு கண்ணை மூடி ஒதுங்கி நின்றால் நோய் ஏற்கெனவே முற்றிவிட்டது என்று அர்த்தம். அதைத் தனியே எடுத்துச் சூடாக வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோ. மெடிக்கலில் சொந்தமாக மருந்து வாங்கி ஊற்றாதே. பக்கத்து வீட்டுக் கோழிகளோடு விடாதே. கோழிக்கு ஒன்றும் செய்யாத கிருமியே காடையைச் சாய்த்துவிடும். புதிதாக வாங்குவதை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துவிட்டுச் சேர். கால்விரல் நுனியில் எச்சம் உருண்டையாகக் காய்ந்து ஒட்டினால் பிய்க்காதே, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கழற்று. உமி ஈரமானால் அன்றே மாற்று. கூண்டருகில் குனிந்தால் மூக்கு எரிகிறதென்றால் அதே காற்றைத்தான் அவை முழு நாளும் மூச்சிழுக்கின்றன. தொட்ட பிறகு பாப்பா சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், காடைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது.

பாப்பாவுக்கென்று தனியாக: கண்ணு, காடையை மேலேயிருந்து கையை நீட்டிப் பிடிக்காதே. மேலேயிருந்து வருவதெல்லாம் அதற்குப் பருந்துதான். தரையில் உட்கார்ந்துகொள், உள்ளங்கையில் கொஞ்சம் தீவனத்தை வைத்து ஆடாமல் இரு. முதல் நாள் வராது, பிறகு வரும். தூக்க வேண்டுமென்றால் பக்கத்திலிருந்து மெதுவாகக் கையை வயிற்றுக்கடியில் கொடுத்து, இன்னொரு கையால் இறக்கையை மூடிக்கொள். மடியில் வைத்துக் கொஞ்ச முடியாதே என்று வருத்தப்படாதே. உன்னைப் பார்த்து ஓடாமல் மேய்ந்துகொண்டிருந்தால் அதுதான் அது உன்னோடு பழகிவிட்டது என்பதற்கு அடையாளம்.

தம்பி, இரண்டு விஷயத்தை நீயும் மனதில் வைத்துக்கொள். காடைக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான், நன்றாகக் கவனித்தால் சிலது அதற்கு மேலும் இருக்கும். குழந்தையிடம் இதை இப்போதே சொல்லிவிடு. இன்னொன்று, நம் வீட்டில் காடை வறுவல் வந்தால் நீ மூன்று தட்டு சாப்பிடுகிறவன். அதை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பாப்பா ஆறுக்கும் பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்த பறவைகளை அடுப்புப் பக்கம் நினைத்தும் பார்க்காதே.

இவ்வளவு பார்க்க உனக்கு நேரமில்லை என்றால் வெட்கப்படாமல் சொல். சித்திரைக்கு வரும்போது குஞ்சுகளைக் கொண்டுவந்து இங்கே விட்டுவிட்டுப் போ, நான் வளர்க்கிறேன். பறவையை அரைகுறையாக வைத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல். வைத்துக்கொள்வதாக இருந்தால், இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே குண்டு பல்பும் தீவனமும் வாங்கிவிடு. கூண்டுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, இந்த இரண்டுக்கும் இல்லை.

அன்புடன்,
உன் அக்கா